இங்கே இன்னும் 2017

அர்பா மிஞ்ச், எத்தியோப்பியா,
8 ஜனவரி 2025, புதன் இரவு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். நீ, மாப்பிள்ளை, சின்னவன் எல்லாரும் சுகமா? வயிற்றில் இருப்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

போன 25ஆம் தேதி நீ கூப்பிட்டபோது இங்கே காலை ஐந்தரை, உங்களுக்கு எட்டு. அதிகாலை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிறாய் என்று சத்தத்திலேயே தெரிந்தது. யாரோ ஒரு பிள்ளை உன் போனுக்குள் வாயை வைத்து "ஹேப்பி கிறிஸ்துமஸ் ஆச்சி" என்று கத்தியது. அதற்கப்புறம்தான் கேட்டாய்: "மூணு கிறிஸ்துமஸ் ஆச்சும்மா. நம்ம ஊர்ல இல்லாத பேறுகாலமா அங்க போயி பாக்குற?" நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும் எனக்குப் பதில் வந்திருக்காது. இரண்டு வாரமாக மனதுக்குள்ளேயே எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். நேற்றோடு இங்கே பண்டிகை முடிந்தது. இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை இங்கிருந்து ஒரு டாக்டர் மும்பைக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறேன்.

நீ பேசிய பிறகு நான் குளித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குத்தான் போனேன். இந்த ஊரில் டிசம்பர் 25 வெறும் புதன்கிழமை. அவர்கள் காலண்டரில் தாஹ்ஸாஸ் மாதம் 16. பள்ளிக்கூடம் நடக்கிறது, கடைகள் திறந்திருக்கின்றன, வாசலில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. கெனா என்று பெயர். ஆர்த்தடாக்ஸ்காரர்கள் மட்டுமில்லை, நம்மைப் போன்ற சபைக்காரர்களும் அன்றைக்குத்தான் கொண்டாடுகிறார்கள். அதனால் எனக்கு வருஷத்துக்கு இரண்டு கிறிஸ்துமஸ் என்று ஊரில் எல்லாரும் கேலி செய்கிறீர்கள். உண்மையில் ஒன்றும் முழுசாகக் கிடைப்பதில்லை. முதலாவதில் ஊர் இல்லை, இரண்டாவதில் நீங்கள் இல்லை.

காலண்டரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பாய். முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்து நாளோ ஆறு நாளோ உள்ள பாகுமே என்ற குட்டி மாதம். வருஷக் கணக்கில் நம்மைவிட ஏழெட்டு பின்னால். இங்கே இன்னும் 2017தான். பேறுகால ரிஜிஸ்டரில் தினமும் என் கையால் 2017 என்று எழுதுகிறேன். வந்த புதிதில் வேடிக்கையாக இருந்தது. வயசு ஏழு குறைந்துபோயிற்று என்று உன்னிடம் போனில் சிரித்தேனே. இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை பாப்பா. அப்பா போனது 2018 அக்டோபர். காலையில் தேதி எழுதும்போது, இந்தக் கணக்குப்படி அவர் முற்றத்தில் ஈஸிசேரைப் போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு நொடி தோன்றும். அதற்குள் யாராவது "சிஸ்டர்!" என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

மணிக்கணக்கும் வேறு. சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுகிறார்கள். நம்முடைய காலை ஏழு இவர்களுக்கு ஒரு மணி. வேதத்தில் "ஒன்பதாம் மணி வேளை" என்று வருமே, அதே கணக்கு. ஞாயிறு பள்ளியில் எனக்கு விளங்காதது இங்கே பஸ் ஸ்டாண்டில் விளங்கியது. விளங்கியும் போன வியாழக்கிழமை ஏமாந்தேன். மலைக்குப் போகிற வண்டிக்காரர் "இரண்டு மணி" என்றார். இரண்டு என்றால் நமக்கு எட்டு என்று நான் காலையிலேயே பையோடு போய் நின்றேன். அவரோ, ஃபெரென்ஜி அம்மா ஆயிற்றே, வெளிநாட்டுக்காரிக்கு விளங்கட்டும் என்று நம் கணக்கில் மத்தியானம் இரண்டைச் சொல்லியிருக்கிறார்! ஒருவருக்கொருவர் மரியாதை செய்யப்போய் ஆறு மணி நேரம் வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

24ஆம் தேதி ராத்திரி ஸ்டார் கட்டினேன். சிரிக்காதே. மலையில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. டோர்ஸே ஜனங்கள் வீட்டையே மூங்கிலால் கூடை மாதிரி பின்னிவிடுகிறார்கள். முன்பக்கம் துருத்திக்கொண்டு பார்க்க யானை முகம்போல இருக்கும். அடியில் கறையான் அரித்தால் அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்துக்கொள்வார்கள். எங்கள் காவலாளித் தாத்தா அந்தப் பக்கத்துக்காரர். அவர் சிம்பு சீவித் தந்தார். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தில் ஒன்று, இரண்டையும் முனையோடு முனை வைத்துக் கட்டி, நடுவில் ஐந்து குட்டைக் குச்சியைத் தடுப்பாகக் கொடுத்து அப்பா உப்ப வைப்பாரே, அது எனக்குக் கைவரவே இல்லை. குட்டைக் குச்சி ஒன்று நின்றால் இன்னொன்று தெறித்து விழுகிறது. முப்பது வருஷம் பக்கத்தில் நின்று நூல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கட்டிப் பார்த்ததில்லை. கடைசியில் தாத்தாதான் விரலால் அளந்து, எல்லாக் குச்சியையும் கொஞ்சம் நறுக்கி நிற்க வைத்தார். கலர் பேப்பர் கிடைக்காமல் சந்தைப் பையைக் கிழித்து ஒட்டினோம். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் ஏதோ கடைக்காரர் விளம்பரம். உள்ளே பல்பைப் போட்டதும் தாத்தா "கோகெப்" என்றார். நட்சத்திரம். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை.

முந்திரிக்கொத்தும் செய்து பார்த்தேன். இங்கே பாசிப்பயறு கிடைக்கிறது. கருப்பட்டி, தேங்காய் இரண்டும் இல்லை. தேன் இருக்கிறதே என்று பிசைந்து உருட்டினேன். எண்ணெயில் விட்டதும் பிரிந்து கஞ்சியாகிவிட்டது. என் மாணவிகள் அதையும் கரண்டியால் வழித்துத் தின்றுவிட்டு "கொன்ஜோ" என்றார்கள், அழகாக இருக்கிறதாம். நல்ல பிள்ளைகள்.

நான் வாரம் முழுக்க என்ன செய்கிறேன் என்று மாப்பிள்ளை போன தடவை கேட்டார். திங்கள், செவ்வாய் வகுப்பு. புதன், வெள்ளி வார்டு. சனிக்கிழமை துவைப்பது, சந்தை. ஞாயிறு காலை கோயிலுக்குப் போனால் வெளியே வர மத்தியானம் ஆகிவிடும். பாடிக்கொண்டே இருக்கிறார்கள். சந்தோஷம் தாங்காவிட்டால் பெண்கள் இலில்தா போடுவார்கள். நம் ஊர்க் குலவையேதான், நாக்கு அசைவுகூட அதேதான். குழந்தை பிறந்தாலும் இலில்தா உண்டு. ஆண் என்றால் எண்ணிக்கை கூட, பெண் என்றால் குறைவு. எங்கள் வார்டில் அந்தக் கணக்கை நான் ஒழித்துவிட்டேன். மூச்சு உள்ளவரை போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மிஷனெரியாக வந்து இந்த ஊரில் நான் மாற்றிய வழக்கம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமைதான் எனக்குப் பிடித்த நாள். அன்று செஞ்சா மலைக்கு ஏறுகிறோம். அர்பா மிஞ்ச் என்றால் அம்ஹாரிக்கில் நாற்பது ஊற்று. கீழே அபாயா, சாமோ என்று இரண்டு ஏரி, ஒன்று செம்மண் நிறம், இன்னொன்று நீலம். நம் தேரிக்காடு மாதிரி சூடு. ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறினால் ஊட்டியைவிட உயரம். பல் கிட்டுகிறது. வழியெல்லாம் வாழைத்தோட்டம் என்று முதல் தடவை எனக்கு ஒரே சந்தோஷம். வாழையே இல்லையாம், என்செத் என்ற வேறு மரம். பழமே தின்ன முடியாது. தண்டைச் சுரண்டி இலை போட்ட குழியில் மாதக்கணக்கில் புதைத்துப் புளிக்க வைத்து, அதில் கொச்சோ என்று ரொட்டி சுடுகிறார்கள். புளித்த வாடைக்கு எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அந்த மலையிலிருந்துதான் பெண்கள் எங்களிடம் வருகிறார்கள். 2003இலிருந்து அரசாங்கம் கிராமத்துக்கு இரண்டு பெண்கள் என்று பொறுக்கி எடுத்து, ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்து வைத்திருக்கிறது. அவர்கள்தான் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கண்டுபிடித்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். மழைக்காலத்தில் வண்டி ஏறாது. ஆண்கள் கட்டிலில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். சில சமயம் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். அதனால் வலி வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முந்தியே வந்து தங்குவதற்கு வார்டுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. புருஷன்மார் விறகும் கொச்சோ மாவும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். பெண்கள் சமைத்து, நூல் நூற்று, அரட்டை அடித்துக்கொண்டு நாளை எண்ணுவார்கள். எனக்கும் அரட்டைக்கு அங்கேதான் இடம்.

அங்கேதான் டிசம்பரில் ஒரு பெரிய போராட்டம். கெனாவுக்கு முன்னால் ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்கு நாற்பத்து மூன்று நாள் நோன்பு. இறைச்சி, பால், முட்டை ஒன்றும் ஆகாது. மத்தியானம் தாண்டும்வரை தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உண்டு. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, ரத்தம் எட்டுக் கிராம்தான் இருக்கிறது, கண்ணின் கீழிமை வெள்ளைவெளேர். மூன்று மணிவரை பட்டினி, அதன்பிறகு ஒரு இஞ்செராவும் (இவர்களுடைய புளித்த மாவுத் தோசை) கடலைமாவுக் குழம்பும். கர்ப்பிணிக்கு நோன்பு விலக்கு உண்டு என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் மாட்டாள். நான் அதட்டினேன், கெஞ்சினேன், படம் போட்டு விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டுப் பால் தம்ளரைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிடுவாள்.

என் மாணவிதான் சொன்னாள்: "எமாமா, நீங்கள் சொன்னால் கேட்கமாட்டாள். அவளுடைய நெஃப்ஸ் அபாத்தைக் கூப்பிடுவோம்." ஆத்தும தகப்பன் என்று அர்த்தம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குருவானவர் உண்டு. இரண்டு நாள் கழித்து அவர் நடந்தே வந்தார், வெள்ளைத் தலைப்பாகையும் கையில் சிலுவையுமாக. அவள் சிலுவையை முத்தம் செய்தாள். எத்தனை மாதம் என்று கேட்டார். "பால் குடி மகளே. பாவம் என்றால் அது என் தலையில்" என்றார். அரை நிமிஷம். அவள் அங்கேயே ஒரு தம்ளரைக் குடித்தாள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் மூன்று வாரம் நான் தொண்டை கட்டக் கத்தியது இதற்குத்தானா என்று எரிச்சல். போகும்போது அவர் என்னைப் பார்த்து, இந்தியாவில் உங்களுக்கு நோன்பு உண்டா என்று கேட்டார். லெந்து நாற்பது நாள் கறி சாப்பிடமாட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். "நாற்பதுதானா?" என்றார். அவர்களுக்கு ஐம்பத்தைந்து.

இதைச் சொல்வது எதற்கென்றால், நான் கிளம்பும்போது நம் சபைச் சேகரத்தில் ஜெபம் பண்ணி அனுப்பினார்களே, "இருளில் இருக்கும் ஜனங்களுக்கு" என்று, அந்த வார்த்தை எனக்கு இங்கே கூச்சமாக இருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமைக்கு ரேனியஸ் ஐயர் வந்தது 1820இல். இவர்கள் ராஜா எஸானா ஞானஸ்நானம் வாங்கியது நாலாம் நூற்றாண்டில். அதுவும் எப்படி? தீரு பட்டணத்திலிருந்து இந்தியாவைப் பார்க்கவென்று ஒருவர் கிளம்பினாராம். அவரோடு போன இரண்டு பையன்கள், கப்பலில் மற்றவர்கள் எல்லாம் கொல்லப்பட, பிடிபட்டு அரண்மனையில் அடிமையாகச் சேர்ந்தார்கள். அதில் ஃப்ருமென்தியுஸ் என்கிற பையன்தான் பிற்பாடு முதல் பிஷப்பானது. அபா சலாமா, சமாதானத்தின் தகப்பன் என்று இன்றும் சொல்கிறார்கள். இந்தியாவுக்கென்று புறப்பட்ட பயணத்தில் இவர்களுக்கு அவர் கிடைத்தார். அந்தக் கணக்கை நேர்செய்ய நான் வந்திருக்கிறேன் என்று குருவானவரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன், என் அம்ஹாரிக் அவ்வளவு தூரம் போகாது.

இனி வெள்ளிக்கிழமைக் கதை. உன் கேள்விக்கு ஏதாவது பதில் இருந்தால் அது இதில்தான் இருக்கிறது.

கெனா ராத்திரி யாருக்குப் பிறக்கும் என்று வார்டில் எல்லாரும் பந்தயம் கட்டியிருந்தோம். தங்கல் வீட்டில் ஆறு பேர் நாள் நெருங்கி இருந்தார்கள். ஒன்றும் பிறக்கவில்லை, அது வேறு. முந்தின வெள்ளி, ஜனவரி 3, சாயங்காலம் மழைமேகம்கூட இல்லாமல் கரண்ட் போனது. அந்த நேரம் பார்த்து ஒருத்திக்குப் பிறந்தது, மூன்றாவது பிள்ளை, பெண். இலில்தா போட்டாயிற்று. நஞ்சுக்கொடியும் விழுந்தாயிற்று. நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "எமாமா" என்ற சத்தத்தில் திரும்பினால், கட்டிலிலிருந்து தரையில் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. சொட்டு இல்லை, ஒழுக்கு.

உனக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருஷம் இதே வேலை. என் கை தானாகப் போகும். போகவிருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை, என் இரண்டாம் வருஷ மாணவி, செஞ்சாக்காரி, இருபத்திரண்டு வயசு, எனக்காகக் காத்திருக்கவில்லை. இடது கையை அடிவயிற்றில் வைத்துக் கர்ப்பப்பையைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். பஞ்சுபோல இருந்தது, கல்லாக வேண்டும். "ஊசி" என்றாள், இன்னொருத்தி ஐஸ் பெட்டியிலிருந்து ஆக்ஸிடோசின் எடுத்து வந்தாள். குளிர் விட்டுவிட்டால் அந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம் என்று நான் தினமும் புலம்புவேன். அதனால் கரண்ட் போனதுமே பெட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள், எனக்கே தெரியாமல். பத்து யூனிட் போட்டார்கள். மூத்திரப்பையைக் காலி செய்தார்கள். நஞ்சைத் திரும்பத் தட்டில் விரித்து, துண்டு ஏதும் உள்ளே நின்றுவிட்டதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்கள். நான் செய்தது அந்த டார்ச்சைப் பிடித்ததுதான். அவள் கையை எடுக்காமல், அந்தத் தாயின் முகத்துக்கு நேரே குனிந்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஐஸோஷ், ஐஸோஷ்."

இதை எப்படித் தமிழில் சொல்ல? பயப்படாதே, திடன்கொள், நான் இருக்கிறேன் எல்லாம் சேர்ந்தது. பெண்ணுக்குச் சொன்னால் ஐஸோஷ், ஆணுக்கு ஐஸோ. கீழே விழுந்த பிள்ளைக்கும் சொல்வார்கள், சாவு வீட்டிலும் சொல்வார்கள். மேய்ப்பர்களிடம் தூதன் "பயப்படாதிருங்கள்" என்றானே, இந்த ஊர்த் தூதனாக இருந்தால் ஐஸோ என்றுதான் ஆரம்பித்திருப்பான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கால் மணி நேரத்தில் ரத்தம் நின்றது. அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை பாப்பா. போன வருஷம் இதே மாதிரி ஒன்றில் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றவள்.

மறுநாள் காலை அந்தத் தாய்க்கு கென்ஃபோ கிண்டினார்கள். பார்லி மாவுக் களி. பேறுகாலம் ஆனவளுக்கு அதுதான் முதல் சாப்பாடு. உருட்டி நடுவில் குழி செய்து, குழி நிறைய உருக்கின நெய்யும் மிளகாய்ப் பொடியும். சுற்றி உட்கார்ந்து ஓரத்திலிருந்து பிட்டு, குழியில் தோய்த்துத் தின்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. உளுந்தங்களியில் நல்லெண்ணெய்க் குழி. ஆச்சி எனக்குக் கிண்டினது, நான் உனக்குக் கிண்டாதது.

கெனாவைப் பற்றி நீ கேட்பாய், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். திங்கள் ராத்திரி முழுக்க ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் ஆராதனை. மெழுகுதிரியும் வெள்ளைத் துணியுமாக ஊரே வெள்ளை. நான் வெளிவாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். செவ்வாய் காலை நம் சபையில் ஆராதனை. அப்புறம் வீடு வீடாகச் சாப்பாடு. தரையில் பச்சைப் புல் பரப்பியிருப்பார்கள், பெரிய வெங்காயத்தை எண்ணெய் இல்லாமலே மணிக்கணக்கில் வதக்கி, கோழியைப் பன்னிரண்டு துண்டாக்கி, அவித்த முட்டை போட்டு டோரோ வத். நோன்பு முடிந்த வாய்க்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள். சாயங்காலம் பையன்கள் வளைந்த கம்பால் பந்தடித்து விளையாடினார்கள். அந்த ஆட்டத்துக்கும் கெனா என்றே பெயர். இயேசு பிறந்தார் என்று கேட்ட மேய்ப்பர்கள் சந்தோஷத்தில் கோலால் ஆடியதாம்.

காபி மூன்று சுற்று. அபோல், தோனா, பெரெக்கா. மூன்றாவதை மறுத்தால் ஆசீர்வாதத்தை மறுத்த மாதிரி. அங்கே சபை மூப்பர் ஒருவர், வொலைட்டா பக்கத்துக்காரர், பொரி தின்றுகொண்டே பழைய கதை சொன்னார். 1937இல் இத்தாலிக்காரர்கள் சூடான் இன்டீரியர் மிஷன்காரர்களை வொலைட்டாவிலிருந்து வெளியேற்றினார்கள். அப்போது விட்டுப்போனது 48 விசுவாசிகளை. வேதம் முழுசாக அவர்கள் பாஷையில்கூட இல்லை. ஜெயில், அடி எல்லாம் பட்டிருக்கிறார்கள். யுத்தம் முடிந்து மிஷனெரிகள் திரும்பியபோது சுமார் 10,000 பேர். மூப்பர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "அவர்கள் போகாமல் இருந்திருந்தால் இவ்வளவு வளர்ந்திருக்குமா என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்குக் கொஞ்சம் குத்தவும் செய்தது. அவர் எனக்கென்று சொல்லவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை டார்ச் பிடித்த கை என்னுடையதுதானே.

நம் வெள்ளாளன்விளை அசரியா ஐயர் 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே "எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள்" என்று கேட்டாரே, ஆச்சி அதைக் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும்போதெல்லாம் சொல்வாள். அந்த அரிசிக் காணிக்கையில் வளர்ந்தவள் நான். யாரோ போகிறதற்கு அரிசி கொடுத்தோம், ஒரு நாள் நானே போகவேண்டும் என்று ஆசை. அப்பா இருந்தவரை நடக்கவில்லை, அவர் போனபிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. ஊழியம் என்று எல்லாரிடமும் சொன்னேன். பாதி ஊழியம். மீதி, அந்த ஈஸிசேரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் ஓடிவந்தது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

சின்னவன் பிறந்த 2023 ஜூனில் நான் வந்திருக்கலாம். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. முதல் பேட்ச் பிள்ளைகளுக்கு அப்போதுதான் பிரசவ வார்டு தொடங்கியிருந்தது, நான் போனால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டேன். தலைச்சன் பேறுகாலத்துக்குத் தாய் இல்லாமல், உன் மாமியார் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இங்கே யார் யாருக்கோ ஐஸோஷ் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இதுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. 25ஆம் தேதி கேட்டது அதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 20க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். மும்பை வழியாக. வார்டை அந்த இரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஏப்ரல் கடைசிவரை உன்னோடு இருப்பேன். அப்புறம் திரும்பி வருவேன், அதில் சண்டை போடாதே. ஜூலையில் அவர்களுக்குப் பரீட்சை, உட்கார வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஆகஸ்டில் மொத்தமாக ஊர். செப்டம்பர் 11ஆம் தேதி இவர்களுக்கு 2018 பிறக்கிறது. அதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். அந்த வருஷத்தை இன்னொரு தடவை கைப்பட எழுத எனக்குத் தெம்பில்லை.

கருப்பு உளுந்து தோலோடு இரண்டு கிலோ வாங்கி வை. கருப்பட்டி உடன்குடியில் யாரிடமாவது சொல்லி எடு, டவுன் கடையில் வேண்டாம், சீனி கலக்கிறார்கள். நல்லெண்ணெய் செக்கில் ஆட்டியது. மாத்திரையை விடாமல் சாப்பிடு. கால் வீங்கினாலோ தலை வலித்தாலோ கண் மங்கினாலோ எனக்குப் போன் போடாதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அப்புறம் போடு. பிள்ளைக்கு டோர்ஸே தறியில் நெய்த நெத்தெலா, பருத்திச் சால்வை, ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அவ்வளவு மெல்லிசு, ஊதினால் பறக்கும்.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் என் ஸ்தோத்திரம். சின்னவனுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா

பி.கு. ஸ்டாரை இன்னும் இறக்கவில்லை. 19ஆம் தேதி திம்கெத், ஞானஸ்நானப் பண்டிகை. அதுவரை தொங்கட்டும் என்று காவலாளித் தாத்தா சொல்லிவிட்டார். நேற்று காற்றில் ஒரு முனை பிய்ந்துவிட்டது, அவரே ஏணி போட்டு ஏறி ஒட்டினார்.